அதிக அட்வான்ஸ் தருகிறவருக்கே வீட்டைக் கொடுக்கலாமா?

கேள்வி: சேலம் அழகாபுரத்தில் எங்கள் வீட்டு மாடியில் ஒரு போர்ஷன் கட்டி, முதல்முறையாக வாடகைக்கு விடுகிறோம். தனியார் நிறுவன ஊழியர் ஒருவர், வெள்ளிக் கொலுசு வேலை செய்யும் ஒரு குடும்பம், சேர்ந்து தங்க நினைக்கும் இரண்டு செவிலியர்கள் என மூன்று தரப்பு கேட்டிருக்கிறார்கள். ஊழியர் பத்து மாத அட்வான்ஸ் தருகிறார், அவருக்கே கொடுங்கள் என்று புரோக்கர் அவசரப்படுத்துகிறார். எதைப் பார்த்து முடிவு செய்வது?

பதில்: அட்வான்ஸை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். அது நீங்கள் திருப்பித் தர வேண்டிய பணம். வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்றும், காலி செய்த ஒரு மாதத்துக்குள் பாக்கியைக் கழித்துத் திருப்பித் தர வேண்டும் என்றும் 2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம் சொல்கிறது. பத்து மாதப் பணத்தை வாங்கி வீட்டுக் கடனில் போட்டுவிட்டு, பிறகு அதைத் திரட்ட முடியாமல் அடுத்த குடித்தனக்காரரைத் தேடி ஓடுபவர்கள் நிறைய பேர். பெரிய தொகை கொடுத்தவர் மாதாமாதம் ஒழுங்காக வாடகை தருவார் என்பதற்கும் உத்தரவாதம் கிடையாது. "அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்ல அவருக்குத்தான் வசதி.

நான் முதலில் பார்ப்பது, ஏற்கெனவே இருந்த வீட்டில் எப்படி இருந்தார்கள் என்பதை. இப்போதைய வீட்டுக்காரரிடம் விசாரியுங்கள், ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். தொல்லை தரும் குடித்தனத்தை அனுப்பிவிட நினைப்பவரும் "தங்கமானவர்கள்" என்றுதான் சொல்வார். அதற்கு முந்தைய வீட்டுக்காரருக்கு அந்த அவசரம் இல்லை. அவர் பேச்சை நம்பலாம். வாடகை தேதியில் வந்ததா, வீட்டை எந்த நிலையில் விட்டுப் போனார்கள், மறுபடி கேட்டால் கொடுப்பீர்களா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு அவர் சற்றுத் தயங்கினால், அதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது வருமானம். வாடகை மாத வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருந்தால் நல்லது. ஊழியரிடமும் செவிலியர்களிடமும் சம்பளச் சீட்டு இருக்கும். கொலுசு வேலைக் குடும்பத்திடம் அது இருக்காது என்பதற்காக அவர்களைத் தள்ளிவிடாதீர்கள். ஆறு மாத வங்கிக் கணக்கு விவரமோ, இப்போதைய வீட்டுக்கு ஜிபேயில் வாடகை அனுப்பிய பதிவோ போதும். சீசனுக்கு ஏற்ப வருமானம் ஏறி இறங்கினாலும் வாடகை தவறாமல் போயிருந்தால், சம்பளச் சீட்டைவிட அது வலுவான சான்று. ஒன்றை மட்டும் வெளிப்படையாகக் கேட்டுவிடுங்கள்: பட்டறை வேறு இடத்தில் இருக்கிறதா, வீட்டிலேயேவா? செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வீட்டோடு பட்டறை வைத்திருப்பது சகஜம். உங்கள் மாடியில் உருக்குவதும் அமிலத்தில் கழுவுவதும் சரிப்படாது. வீட்டு மின் இணைப்பில் தொழில் நடந்தால், இணைப்பு யார் பெயரில் உள்ளதோ அவரிடம்தான் மின்வாரியம் கேட்கும்.

செவிலியர்கள் என்றால் இருவர் பெயரும் ஒப்பந்தத்தில் வர வேண்டும். ஒருவர் போய்விட்டால் முழு வாடகையும் மற்றவர் பொறுப்பு என்று எழுதிக்கொள்ளுங்கள். இரவுப் பணி முடிந்து வருவார்கள் என்பதால், கேட் சாவி ஒன்றையும் கொடுத்துவிட வேண்டும்.

சாதி, மதம், கல்யாணமானவரா, கறி சமைப்பவரா என்ற கேள்விகளை வைத்து வடிகட்டுவது எனக்கு உடன்பாடில்லை. அது நியாயமில்லை. வாடகை ஒழுங்காக வருமா என்பதற்கும் அவற்றில் பதில் இல்லை.

அடையாளத்துக்கு, கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதார் நகலே போதும். தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் வாடகைதாரர் சரிபார்ப்புக்கும் விண்ணப்பிக்கலாம். இதெல்லாம் முடியும்வரை யாரிடமும் டோக்கன் அட்வான்ஸ் வாங்காதீர்கள். புரோக்கர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் சரி.

ஆளை முடிவு செய்ததும் எழுத்தில் ஒப்பந்தம் போட்டு, நீங்களும் குடிவருபவரும் சேர்ந்து, மேலே சொன்ன சட்டத்தின் கீழ் உள்ள வாடகை அதிகார அமைப்பில் பதிவு செய்யுங்கள். பதினோரு மாத ஒப்பந்தம்தானே என்று விட்டுவிட முடியாது, அதற்கும் இது பொருந்தும். அப்புறம், வீடு கிடைக்காத மற்ற இரண்டு தரப்புக்கும் அன்றைக்கே தகவல் சொல்லி, அவர்கள் கொடுத்த நகல்களைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.