சிறுநீரக மாற்று செய்தவருக்குக் கையில் ஆறாத கட்டி: களிம்பு போதுமா?

அப்பாவுக்குச் சிறுநீரக மாற்று நடந்து ஒரு வருடம் ஆகிறது, புறங்கையில் வலியே இல்லாத கட்டி ஒன்று இரண்டு மாதமாக ஆறவில்லை, களிம்பு போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. இந்த வாரமே தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். சிறுநீரக மாற்று செய்த மருத்துவருக்கும் தகவல் சொல்லிவிடுங்கள்.

வலி இல்லை என்று நிம்மதி அடைய வேண்டாம். சிவப்பு, வீக்கம், காய்ச்சல் எல்லாம் உடம்பு கிருமியை எதிர்ப்பதால் வருபவை. அவர் சாப்பிடும் டாக்ரோலிமஸ், ஸ்டீராய்டு மாத்திரைகள் அந்த எதிர்ப்பையே அடக்கி வைத்திருக்கின்றன. அதனால் மண்ணிலும் தண்ணீரிலும் சும்மா கிடக்கிற கிருமிகள்கூட ஒரு சின்னக் கீறல் வழியாக உள்ளே போய் வேரூன்றிவிடும். ஆல்டர்னேரியா போன்ற கறுப்புப் பூஞ்சைகள், முள் குத்தினால் வரும் ஸ்போரோத்ரிக்ஸ் என்ற பூஞ்சை, மண்ணில் இருக்கும் நோகார்டியா என்ற பாக்டீரியா, மீன்தொட்டித் தண்ணீரில் வாழும் மைக்கோபாக்டீரியம் மரினம் என்று எதுவாகவும் இருக்கலாம். தோல் புற்றுநோயாகவும் இருக்கலாம், சிறுநீரக மாற்றுக்குப் பிறகு அதற்கான வாய்ப்பும் கூடுகிறது. பார்த்த மாத்திரத்தில் இன்னதென்று யாராலும் சொல்லிவிட முடியாது. பயாப்ஸி, அதாவது கட்டியிலிருந்து சின்னத் துண்டு சதை எடுத்துச் சோதிப்பது, செய்தே ஆக வேண்டும்.

நான் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். எடுத்த சதை முழுவதும், அதைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலின் திரவத்தில் மூழ்கி வந்து சேரும்போது அவ்வளவு வருத்தமாக இருக்கும். ஃபார்மலினில் கிருமி செத்துப்போகும், அப்புறம் கல்ச்சர் வைக்க, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்க, வழியே இல்லை. நோயாளிக்கு மறுபடியும் ஊசி, மறுபடியும் தையல். அதனால் முன்கூட்டியே கேளுங்கள்: ஒரு துண்டு ஃபார்மலினில், இன்னொரு துண்டு ஸ்டெரைல் சலைனில் (கிருமி நீக்கிய உப்புநீரில்). இரண்டாவது துண்டில் பாக்டீரியா, பூஞ்சை, மைக்கோபாக்டீரியா மூன்றுக்கும் கல்ச்சர் வேண்டும்.

அப்பா மீன்தொட்டி கழுவினாரா, தோட்ட வேலை பார்த்தாரா என்பதை ஆய்வகத்துக்கு அனுப்பும் படிவத்தில் மருத்துவரை எழுதச் சொல்லுங்கள். மரினம் கிருமிக்கு 30 டிகிரி செல்சியஸ்தான் தோது, கைகால் போன்ற குளிர்ச்சியான இடங்களில் அது வருவதும் அதனால்தான். வழக்கமான 37 டிகிரியில் மட்டும் வைத்தால் வளராமலே போகலாம். இவற்றில் பல மெதுவாக வளர்பவை, வாரக்கணக்கில் ஆகும். இரண்டே நாளில் 'வளர்ச்சி இல்லை' என்று ரிப்போர்ட் வந்தால் அதை முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அதுவரை ஸ்டீராய்டு களிம்பு வேண்டாம். பூஞ்சை மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுக்கவும் கூடாது. இட்ராகோனசோல் போன்றவை ரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவை ஏற்றிவிடும், அது புதுச் சிறுநீரகத்தையே பாதிக்கும். காய்ச்சல், விடாத தலைவலி, மூச்சுத்திணறல் வந்தாலோ, கட்டி வேகமாகக் கறுத்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், உடனே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள்.