ஆசிரியை பதில்கள்: ஷூவும் பாலாறும் பாடமாகட்டும்

கேள்வி: ஆம்பூரில் மாலை டியூஷன் எடுக்கிறேன். ஒன்றாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை எல்லாரும் ஒரே கூடத்தில்தான். ‘உலகக் குடியுரிமைக் கல்வி’ பற்றி ஒரு பயிற்சியில் கேட்டேன். இத்தனை வயதுக்கும் அதை எப்படிச் சொல்லித்தருவது?
– வாசகி, ஆம்பூர்

பதில்: ஐ.நா. 2015-இல் ஏற்ற நிலையான வளர்ச்சி இலக்குகளில் 4.7 என்ற பிரிவில் இது வருகிறது. பெயரைப் பார்த்து மலைக்க வேண்டாம். நம் வாழ்க்கை பிற நாட்டு மனிதர்களோடு எப்படிப் பின்னியிருக்கிறது என்று அறிந்து, அவர்களிடம் பொறுப்போடு நடக்கப் பழகுவதுதான் அது. உலக வரைபடத்தையும் முதல் நாளே விரிக்க வேண்டாம். ஆறு வயதுப் பிள்ளைக்கு அதில் ஒன்றும் பிடிபடாது. எங்கள் வேலூர் காந்தி ரோட்டில் பல கடைப் பலகைகளில் வங்காள எழுத்து இருக்கும். சி.எம்.சி. மருத்துவமனைக்கு வைத்தியத்துக்காக வங்கத்திலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் அவ்வளவு குடும்பங்கள் வருகின்றன. தமிழ் தெரியாத ஒரு அம்மா மருந்துக்கடைக்கு வழி கேட்டால் என்ன செய்வாய் என்று சின்னதுகளை நடித்துக் காட்டச் சொல்லுங்கள். அந்த வயதுக்கு அது போதும்.

நடு வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு ஷூவைக் கொடுங்கள். உங்கள் ஊரில் பாதிப் பேருடைய அம்மாவோ அக்காவோ ஷூ கம்பெனிக்குத்தான் போகிறார்கள். தோல் எங்கிருந்து வந்தது, யார் தைத்தது, எந்த நாட்டில் யார் போடுவார்கள் என்று பிள்ளைகளே வீட்டில் விசாரித்து வரட்டும். கடை விலையில் தைத்தவருக்கு எவ்வளவு என்ற கேள்வி தானாக வரும். வந்தால் மழுப்பாதீர்கள்.

பெரிய பிள்ளைகளுக்குப் பாலாறுதான் பாடம். டேனரி, அதாவது தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு ஆற்றையும் கிணற்றையும் கெடுத்ததை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நலப் பேரவை உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. வேலூரும் ஆம்பூரும் சேர்ந்திருந்த மாவட்டத்துக்கு அப்போது வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று பெயர். மாசுபடுத்தியவரே இழப்பை ஈடு செய்ய வேண்டும், ஆபத்து வரும் முன்பே தடுக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளும் நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்றது தீர்ப்பு. 1992-இல் ரியோவில் பல நாடுகள் கூடி ஏற்ற பிரகடனத்தில் உள்ளவைதான் அவை. ரியோவில் பேசியது நம் கிணற்றடிக்கு எப்படி வந்து சேர்ந்தது என்று பிள்ளைகள் தேடிப் பார்க்கட்டும். ஒரு கிலோ தோலைப் பதனிட சுமார் 35 லிட்டர் தண்ணீர் ஆகிறது என்றும் தீர்ப்பில் இருக்கிறது. அது எத்தனை குடம் என்று கணக்குப் போடச் சொல்லுங்கள்.

ஒன்று மட்டும் மனதில் வையுங்கள். அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் அப்பா டேனரியில் வேலை பார்க்கலாம். அவன் தலை குனியும்படி ஒரு வார்த்தைகூட வந்துவிடக் கூடாது. அவருடைய கூலி, அவர் கையில் படும் ரசாயனம், ஆற்றுத் தண்ணீர் மூன்றையும் சேர்த்தே பேசுங்கள்.

கேள்வி: முதியோர் எழுத்தறிவு வகுப்பில் உலகக் குடியுரிமை பற்றியெல்லாம் பேசலாமா?
– வாசகர், குடியாத்தம்

பதில்: தாராளமாக. அங்கே நீங்கள் கொஞ்சம் கேட்டுக்கொள்ளவும் வேண்டும். மகன் துபாயிலோ குவைத்திலோ இருக்கும் அம்மாக்கள் உங்கள் ஊரில் எத்தனை பேர்! பாஸ்போர்ட், ஏஜென்ட், அங்கே கையெழுத்திட்ட ஒப்பந்தம் என்று அவர்கள் பட்டது நிறைய. அந்த ஒப்பந்தத்தை எழுத்துக்கூட்டிப் படிப்பதையே ஒரு வாரப் பாடமாக வையுங்கள்.