மாட்ரிட் அலுவலக லாட்டரி: 20 யூரோ கொடுக்கலாமா?

வணக்கம். அலுவலகத்தில் எல்லாரும் கிறிஸ்துமஸ் லாட்டரியில் ஒரே எண்ணை வாங்குகிறார்கள், நானும் 20 யூரோ கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். கொடுங்கள்.

லாபக் கணக்கில் இது தேறாது. முதல் பரிசான ‘எல் கோர்தோ’ உங்கள் எண்ணுக்கு விழும் வாய்ப்பு லட்சத்தில் ஒன்று. விழுந்தால் 20 யூரோ டிக்கெட்டுக்கு 4,00,000 யூரோ, வரி போக 3,28,000. ஆனால் ஒரே எண்ணில் பல டிக்கெட்டுகள் அச்சாவதால், விழுந்தால் அலுவலகம் முழுக்க விழும். நாம் மட்டும் விடுபட்டுவிடுவோமோ என்ற பயம்தான் பலரை வாங்க வைக்கிறது. குலுக்கல் நாளான டிசம்பர் 22 காலை, சான் இல்தெஃபோன்சோ பள்ளிப் பிள்ளைகள் பரிசு எண்களைப் பாடும்போது அலுவலகத்தாரோடு சேர்ந்து கேட்பது தனி மகிழ்ச்சி.

ஒரு டிக்கெட்டைப் பலர் பகிர்ந்தால் மட்டும் கவனம்: அது யாரிடம் இருக்கிறது, யார் பங்கு எவ்வளவு என்று எழுதி, டிக்கெட்டின் படத்துடன் எல்லாருக்கும் முன்கூட்டியே அனுப்பச் சொல்லுங்கள்.