அமெரிக்காவில் காணாமல் போகும் பெண்களில் வெள்ளையினத்தவர் மட்டும் தலைப்புச் செய்தியாவது ஏன்?

இந்தப் பாகுபாடு உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மைதான். 2004-லேயே க்வென் ஐஃபில் என்ற கறுப்பினப் பத்திரிகையாளர் இதற்கு 'மிஸ்ஸிங் ஒயிட் வுமன் சிண்ட்ரோம்' என்று பெயர் வைத்துவிட்டார்.

2021 செப்டம்பரில், வேனில் ஊர் சுற்றக் கிளம்பிய 22 வயது வெள்ளையினப் பெண்ணைக் காணவில்லை என்று புகார் வந்தது. நாடே தேடியது. செய்தி பரவிய பிறகுதான், அந்த வழியாகப் போன ஒரு குடும்பம் தாங்கள் எடுத்த வீடியோவில் அவருடைய வேன் இருப்பதைக் கவனித்தது. புகார் வந்த எட்டே நாளில் வயோமிங் மாநிலத்தில் உடல் கிடைத்தது. அதே வயோமிங்கில் 2011 முதல் 2020 வரை காணாமல் போனதாகப் பதிவான பூர்வகுடி மக்கள் 710 பேர். அவர்களில் ஒருவர் பெயராவது நம் காதில் விழுந்ததா? செய்தியில் வராத முகத்தை யார் அடையாளம் காட்ட முடியும்? எனக்கு இதுதான் மிகவும் வலிக்கிறது.

காரணம் செய்தி அறையில் மட்டும் இல்லை. கறுப்பினச் சிறுமி காணாமல் போனால், 'வீட்டைவிட்டு ஓடிப்போனவள்' என்று போலீஸ் எழுதிவிடுவது வழக்கமாக இருக்கிறது. அப்படி எழுதிவிட்டால், கடத்தப்பட்ட குழந்தைகளுக்காக மொபைல்களுக்கு அனுப்பும் 'ஆம்பர் அலர்ட்' கிடைக்காது. பூர்வகுடி நிலங்களிலோ, பழங்குடி போலீஸா, மாநிலமா, மத்திய அரசா, யார் விசாரிப்பது என்ற குழப்பத்திலேயே நாட்கள் போய்விடும்.

அதனால்தான் வாஷிங்டன் மாநிலம் 2022-ல் பூர்வகுடியினருக்கென்று தனி எச்சரிக்கை முறை கொண்டுவந்தது. அப்புறம் கலிஃபோர்னியாவில், 12 முதல் 25 வயது வரையுள்ள கறுப்பின இளைஞர்களுக்காக 'எபனி அலர்ட்' 2024 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது.