பேட்ச் கோப்பில் மாறிக்குள் மாறி: கேள்வியும் பதிலும்

சிங்கப்பூரின் பல சிறு அலுவலகங்களிலும் கடைகளிலும் இரவு நேரக் கோப்பு நகலெடுப்பு, விலைப்பட்டியல் தயாரிப்பு போன்ற வேலைகளை இன்றும் விண்டோஸின் பேட்ச் கோப்புகளே (கட்டளைகளை வரிசையாக எழுதி வைத்த கோப்புகள்) செய்கின்றன. அவற்றில், மதிப்பு ஒன்றைச் சேமித்து வைக்கும் இடமான மாறியின் பெயருக்குள் இன்னொரு மாறியின் மதிப்பைச் செருகும் இடத்தில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். வந்த கேள்விகளுக்கு இயன்றவரை முழுமையாகப் பதில் எழுதியிருக்கிறேன். படிக்க எளிதாக இருக்கும் என்பதால் கட்டளைகளையும் மாறிகளையும் தமிழ் எழுத்திலேயே தந்துள்ளேன். கணினியில் அவற்றை வழக்கமான ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்யுங்கள்.

கேள்வி (தேக்காவில் மளிகைக்கடைக் கணக்கு பார்க்கும் ஒருவர்): வணக்கம் ஐயா. பழைய ரசீதுகளுக்கு அந்தந்த ஆண்டின் பொருள், சேவை வரியைக் கணக்கிட வேண்டும். வரி_2022 என்ற மாறியில் 7, வரி_2023 என்பதில் 8, வரி_2024 என்பதில் 9 என்று வைத்திருக்கிறேன். ஆண்டு என்ற மாறியில் 2024 இருக்கிறது. எக்கோ %வரி_%ஆண்டு%% என்று எழுதினால் 9 வரவில்லை. திரையில் "ஆண்டு%" என்று வருகிறது. ஏன்?

பதில்: திரையில் வந்த அந்த விடையிலேயே காரணம் இருக்கிறது. நாம் உள்ளே ஓர் அடுக்கு, வெளியே ஓர் அடுக்கு என்று மனத்தில் வைத்துக்கொண்டு எழுதுகிறோம். கட்டளைகளை நிறைவேற்றும் நிரலான கட்டளை இயக்கியோ அந்தக் கட்டளை வரியை இடமிருந்து வலமாக ஒரே ஒரு முறை படித்து, ஒரு விழுக்காட்டுக் குறியைக் கண்டதும் அடுத்த விழுக்காட்டுக் குறி வரையுள்ளதை ஒரு பெயராக எடுத்துக்கொள்கிறது. எனவே அது முதலில் கண்ட பெயர் "வரி_". அப்படி ஒரு மாறி இல்லாததால் அந்த இடம் வெறுமையாகிறது. அடுத்து வரும் "ஆண்டு" வெறும் சொல்லாக நிற்கிறது. கடைசியில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு குறிகள் பேட்ச் கோப்பின் விதிப்படி ஒரே குறியாகச் சுருங்குகின்றன. நீங்கள் கண்ட "ஆண்டு%" இப்படித்தான் உருவானது.

தீர்வு, இரண்டு அடுக்குகளுக்கும் இரண்டு வெவ்வேறு குறிகளைப் பயன்படுத்துவது. கோப்பின் தொடக்கத்தில் இந்த வரியைச் சேருங்கள்:

செட்லோக்கல் எனேபிள்டிலேய்டுஎக்ஸ்பேன்ஷன்

பிறகு இப்படி எழுதுங்கள்:

எக்கோ !வரி_%ஆண்டு%!

விழுக்காட்டுக் குறிக்குள் உள்ளது கட்டளை வரி படிக்கப்படும்போதே விரிகிறது, அதாவது அதன் இடத்தில் மதிப்பு வந்து அமர்கிறது. ஆச்சரியக்குறிக்குள் உள்ளது கட்டளை நடைபெறும் தறுவாயில்தான் விரிகிறது; இதைத்தான் தாமத விரிவு என்கிறோம். ஆகவே முதலில் !வரி_2024! என்று ஆகி, பின்னர் 9 என்று ஆகிறது. இந்த முன்பின் வரிசையை மனத்தில் பதித்துக்கொண்டால் இனி வரும் பதில்களில் பெரும்பாலானவற்றை நீங்களே ஊகித்துவிடலாம். முன்னதாக விரிய வேண்டியதை விழுக்காட்டுக் குறிக்குள்ளும், பின்னதாக விரிய வேண்டியதை ஆச்சரியக்குறிக்குள்ளும் வையுங்கள். இரண்டையும் மாற்றி %வரி_!ஆண்டு!% என்று எழுதினால், ஆச்சரியக்குறிகளும் சேர்ந்த ஒரு விந்தைப் பெயரைத்தான் இயக்கி தேடும். விடை வெறுமையாகவே வரும்.

வரி சேர்த்த தொகையைப் பற்றியும் ஒரு சொல். கணக்குப் போடும் கட்டளையான செட் /ஏ முழு எண்களை மட்டுமே அறியும். ஆகையால் தொகையை வெள்ளியில் வைக்காமல் காசில் வையுங்கள். 12 வெள்ளி 50 காசுக்கு 1250*9/100 என்று போட்டால் 112 வரும், அரைக்காசு வெட்டுப்பட்டுவிடும். (1250*9+50)/100 என்று போட்டால் முறையாக 113 கிடைக்கும். பெருக்குத்தொகை 2147483647-ஐத் தாண்டினால் எச்சரிக்கை எதுவுமின்றி எண் எதிர்மறையாகத் திரும்பிவிடும் என்பதால், ஏறத்தாழ 2.38 மில்லியன் வெள்ளிக்கு மேற்பட்ட தொகையை இந்த வழியில் கணக்கிடாதீர்கள்.

கேள்வி (பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்): இதையே கால் எக்கோ %%வரி_%ஆண்டு%%% என்று எழுதலாம் என்று சீனியர் ஒருவர் சொன்னார். இது சரியா?

பதில்: சரிதான், வேலை செய்யும். முதல் சுற்றில் இரட்டைக் குறிகள் ஒற்றையாகி, நடுவிலுள்ளது விரிந்து, %வரி_2024% என்று மீதமாகிறது. கால் கட்டளை அந்த வரியை இன்னொரு முறை விழுக்காட்டு விரிவுக்கு உட்படுத்துகிறது. தாமத விரிவு வருவதற்கு முன்பு இதுவே வழக்கமான உத்தி. ஆயினும் நான் இதைப் பரிந்துரைப்பதில்லை. சுழற்சிக்குள் நூற்றுக்கணக்கான முறை வரும்போது இது கண்கூடாக மெதுவாகிறது. மேற்கோள்குறிக்குள் உள்ள கேரட் (^) குறிகளை இரட்டிப்பாக்கிவிடுகிறது. மூன்று விழுக்காட்டுக் குறிகள் சேர்ந்து நிற்கும் வரியை ஆறு மாதம் கழித்து எழுதியவரே படித்துப் புரிந்துகொள்வது கடினம்.

கேள்வி (ஜூரோங்கில் சரக்குக் கிடங்கு ஒன்றில் பணிபுரிபவர்): ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் ஃபார் சுழற்சியின் அடைப்புக்குள் எண்ணிக்கையைச் செட் /ஏ மூலம் ஒவ்வொன்றாகக் கூட்டுகிறேன். அடைப்புக்குள்ளேயே எக்கோ %எண்ணிக்கை% என்று போட்டால் ஒவ்வொரு முறையும் 0 என்றுதான் வருகிறது. சுழற்சி முடிந்த பின் பார்த்தால் சரியான எண் இருக்கிறது. கணினியில் கோளாறா?

பதில்: கோளாறு இல்லை. திறக்கும் அடைப்பிலிருந்து மூடும் அடைப்பு வரை எத்தனை வரிகள் இருந்தாலும் இயக்கிக்கு அது ஒரே கட்டளைதான். சுழற்சி தொடங்குவதற்கு முன்பே அந்தத் தொகுதி முழுவதும் படிக்கப்பட்டு, அதிலுள்ள எல்லா விழுக்காட்டுக் குறிகளும் அப்போதிருந்த மதிப்பால் நிரப்பப்பட்டுவிடுகின்றன. உங்கள் எக்கோ வரி அந்தக் கணமே "எக்கோ 0" என்று எழுதப்பட்டுவிட்டது. பிறகு நூறு முறை சுற்றினாலும் அது அதையேதான் சொல்லும். எக்கோ !எண்ணிக்கை! என்று மாற்றுங்கள். இஃப் கட்டளையின் அடைப்புக்குள்ளும் இதே விதிதான்.

ஒவ்வொரு சுற்றிலும் புது மதிப்பைப் பெறும் சுழற்சி மாறியையே (இங்கே க) பெயருக்குள் செருக வேண்டுமானால் !இருப்பு_%%க! என்று எழுதலாம். சுழற்சி மாறி, விழுக்காட்டு விரிவுக்குப் பின்னும் தாமத விரிவுக்கு முன்னும் விரிவதால் இது பிசகாமல் பொருந்துகிறது. இதைக் கட்டளைச் சாளரத்தில் நேரடியாகத் தட்டிப் பார்ப்பவர்கள் %%க என்பதற்குப் பதிலாக %க என்று ஒற்றைக் குறியே இட வேண்டும்.

கேள்வி (அதே வாசகர்): மூன்று அடுக்கு இருந்தால்? எண் என்பதில் 2, கிளை_2 என்பதில் ஈசூன், இருப்பு_ஈசூன் என்பதில் 140. எண்ணை வைத்து 140-ஐ எடுக்க வேண்டும். !இருப்பு_!கிளை_%எண்%!! என்று போட்டால் "கிளை_2" என்று மட்டும் வருகிறது.

பதில்: முதல் கேள்வியில் விழுக்காட்டுக் குறிக்கு நேர்ந்ததே இங்கே ஆச்சரியக்குறிக்கும் நேர்கிறது, "இருப்பு_" என்ற இல்லாத மாறி வெறுமையாகிவிட்டது. இரண்டு குறிகளுக்கு இரண்டு அடுக்குகள்தாம். மூன்றாவது அடுக்குக்கு இடையில் ஒரு சுழற்சி மாறியை நிறுத்துங்கள்:

ஃபார் /எஃப் "டெலிம்ஸ்=" %%க இன் ("!கிளை_%எண்%!") டூ எக்கோ !இருப்பு_%%க!

இது ஒரே ஒரு முறை சுற்றும் சுழற்சி. இங்கே அதன் வேலை ஒரு மதிப்பை ஏந்திக் கொடுப்பது மட்டுமே. நான்காவது அடுக்கு வேண்டுமென்றால் இன்னொரு சுழற்சியை இதனுள் வைக்கலாம். ஆனால் அந்த நிலை வந்தால் தரவை அமைத்த முறையைத்தான் முதலில் திருத்த வேண்டும் என்பது என் கருத்து.

கேள்வி (அங் மோ கியோவிலிருந்து ஒரு கணக்கு உதவியாளர்): வாடிக்கையாளர் பெயரில் "&" குறி இருந்தால் எக்கோ %பெயர்% பாதியில் நின்று, மீதியைக் கட்டளையாக நினைத்துப் பிழை காட்டுகிறது.

பதில்: இதைக் கேட்டதற்கு நன்றி, மாறி விரிவில் மிகவும் ஆபத்தான இடம் இதுதான். விழுக்காட்டு விரிவு, சிறப்புக் குறிகளை இயக்கி பிரித்தறிவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. எனவே பெயருக்குள்ளிருந்து வந்த "&", நீங்களே தட்டிய "&" போல் ஆகி, அதற்குப் பின்னால் உள்ளது தனிக் கட்டளையாக இயங்க முயல்கிறது. இன்று பிழைச்செய்தியோடு போயிற்று. வெளியிலிருந்து வரும் ஒரு பெயருக்குப் பின்னால் கோப்புகளை அழிக்கும் கட்டளை ஒன்று ஒட்டியிருந்தால் அதுவும் இயங்கிவிடும். எக்கோ !பெயர்! என்று எழுதினால் அந்த மதிப்பு, குறிகளைப் பிரித்தறியும் கட்டம் முடிந்த பின்னரே உள்ளே வருகிறது. அது எழுத்தாகவே நிற்கும், கட்டளையாக மாறாது. உங்கள் கையில் இல்லாத எந்தத் தரவையும் ஆச்சரியக்குறி வழியாகவே எடுங்கள். மதிப்பு கொடுக்கும்போது செட் "பெயர்=மதிப்பு" என்று முழுவதையும் மேற்கோள்குறிக்குள் வையுங்கள். சமன்குறிக்கு முன்னால் இடைவெளி விட்டால் அந்த இடைவெளியும் பெயரின் பகுதியாகிவிடும் என்பதையும் மறவாதீர்கள்.

கேள்வி (உட்லண்ட்ஸிலிருந்து ஒரு வாசகர்): படங்களின் கோப்புப்பெயர் "வாழ்த்துகள்!" என்று இருந்தால் ஆச்சரியக்குறி காணாமல் போய், கோப்பு கிடைக்கவில்லை என்கிறது.

பதில்: தாமத விரிவு இயங்கும்போது %%க விரிந்தால் அதனுள் இருக்கும் ஆச்சரியக்குறியும் உண்ணப்பட்டுவிடும். சுழற்சியைத் தாமத விரிவு இல்லாமல் தொடங்கி, செட் "பெயர்=%%க" என்று சேமித்த பிறகு செட்லோக்கல் மூலம் தாமத விரிவை இயக்கி, வேலை முடிந்ததும் அதே சுற்றில் செட்லோக்கலை முடித்துவைக்கும் எண்ட்லோக்கல் இடுங்கள். எண்ட்லோக்கலை மறந்தால் செட்லோக்கல் 32 அடுக்குக்கு மேல் போக முடியாமல் கோப்பு நின்றுவிடும்.

கேள்வி (ஜூரோங் வாசகர் மீண்டும்): எண்ட்லோக்கல் போட்டதும் உள்ளே கணக்கிட்ட மொத்தம் அழிந்துவிடுகிறதே?

பதில்: எண்ட்லோக்கல் & செட் "மொத்தம்=%மொத்தம்%" என்று ஒரே வரியில் எழுதுங்கள். எண்ட்லோக்கல் நடப்பதற்கு முன்பே அந்த வரி முழுவதும் விரிந்துவிடுவதால் மதிப்பு தப்பிவிடுகிறது. அடைப்புக்குள் இருந்தால் இந்த உத்தி உதவாது. அங்கே மூன்றடுக்குப் பதிலில் சொன்ன ஒற்றைச் சுற்றுச் சுழற்சியின் மூலம் மதிப்பை வெளியே கொண்டு வரலாம்.

கேள்வி (பொங்கோலிலிருந்து ஒரு பயிற்சி நிலைய உரிமையாளர்): விலை_%மாதம்% என்று மாதப்படி கட்டணம் எடுக்கிறேன். மாதத்தை 01, 02 என்ற வடிவிலிருந்து செட் /ஏ மூலம் எண்ணாக மாற்றுகிறேன். ஜூலை வரை ஒழுங்காக நடந்தது; ஆகஸ்ட்டில் ஜூலைக் கட்டணமே வருகிறது.

பதில்: இதே பிழையை நானும் முன்பு வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் செய்து, ஒரு வாரத்து நகல்கள் தவறான கோப்புறையில் சேர்ந்ததால் வருந்தியிருக்கிறேன். பூஜ்ஜியத்தில் தொடங்கும் எண்ணைச் செட் /ஏ எட்டின் அடிமான எண்ணாகக் கொள்கிறது. அந்த முறையில் 8, 9 என்ற இலக்கங்களே கிடையாது. ஆகையால் 01 முதல் 07 வரை சிக்கலின்றிப் போய், 08-இலும் 09-இலும் பிழைச்செய்தி வந்து, மாறியில் பழைய மதிப்பே தங்கிவிடுகிறது. நாளுக்கும் இது பொருந்தும். தேசிய நாளான 09/08 அன்று நாள், மாதம் இரண்டுமே தவறும். செட் /ஏ மாதஎண்=1%மாதம்%-100 என்று எழுதினால் 108-இலிருந்து 100 போய் 8 கிடைக்கும். பூஜ்ஜியத்தில் தொடங்கும் அஞ்சல் குறியீடுகளையும் வீட்டு எண்களையும் ஒருபோதும் செட் /ஏ-க்குள் விடாதீர்கள். அவை எழுத்தாகவே இருக்கட்டும்.

மேலும், விலையை எடுப்பதற்கு முன் அப்படி ஒரு மாறி உண்டா என்று பாருங்கள். இஃப் நாட் டிஃபைன்டு விலை_%மாதஎண்% என்று எழுதினால் போதும். அந்தக் கட்டளைக்குத் தேவை பெயர் மட்டுமே, மதிப்பு அன்று. ஆகவே ஆச்சரியக்குறி வேண்டியதில்லை.

கேள்வி (பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்): இவ்வளவு சிரமப்படுவதற்கு விண்டோஸின் புதிய கட்டளை மொழியான பவர்ஷெல்லுக்கே போய்விடலாமே?

பதில்: புதிதாக எழுதுவதானால் போகலாம், போகவும் வேண்டும். 2006-இல் வெளிவந்த பவர்ஷெல்லில் பெயருக்கு மதிப்பு என்ற அட்டவணையை நேரடியாகவே அமைக்கலாம். அங்கே இந்தக் கேள்வியே எழாது. ஆனால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கோப்பைப் பராமரிக்கும் பொறுப்பு உங்களிடம் வந்தால் இவையெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். அப்போது எக்கோ ஆன் என்று இட்டு ஓட்டிப் பாருங்கள். விழுக்காட்டுக் குறிகள் விரிந்து, ஆச்சரியக்குறிகள் விரியாமல் நிற்கும் நிலையில் ஒவ்வொரு வரியும் திரையில் தெரியும். செட் வரி_ என்று மட்டும் இட்டால் அந்த முன்னொட்டுள்ள எல்லா மாறிகளும் மதிப்போடு பட்டியலாக வரும். இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் எந்த அடுக்கு எங்கே தவறியது என்பது தெரிந்துவிடும்.