சென்னை திட்டமில்லாமல் வளர்ந்த நகரமா?

கேள்வி: சென்னை கண்டபடி வளர்ந்த ஊர் என்கிறார்கள். இந்த ஊருக்கு நகரத் திட்டமிடல் என்று எப்போதாவது ஏதாவது இருந்ததா? சண்டிகரைப் போலத் திட்டம் போட்டுக் கட்டியிருந்தால் ஒவ்வொரு மழைக்கும் இப்படி மூழ்குமா?

கட்டட அனுமதிக்கு வரைபடம் வரைந்து கொடுப்பது என் பிழைப்பு. பட்டா, புல வரைபடம், மூலப்பத்திரம் என்று பழைய காகிதங்களோடுதான் என் பொழுது போகிறது. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: சென்னைக்குத் திட்டம் இல்லை என்பது சோம்பேறித்தனமான பதில். திட்டங்கள் வரிசையாக வந்திருக்கின்றன. மழைக்கு மூழ்கும் பகுதிகளில் கணிசமானவை அரசே அளந்து, கோடு போட்டு, மனை பிரித்துக் கொடுத்தவை. தண்ணீர் நின்ற இடத்தையெல்லாம் காலி இடமாகப் பார்த்த திட்டங்கள் அவை. என் புகார் அதைப் பற்றித்தான்.

முதல் திட்டம் பீரங்கிக்காகப் போடப்பட்டது. 1639இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு நிலம் கிடைத்து, ஜார்ஜ் கோட்டை எழுந்தது. வெள்ளையர் கோட்டைக்குள் இருந்தார்கள். நம்மவர்கள் அதை ஒட்டி வடக்கே கறுப்பர் நகரத்தில் இருந்தார்கள். 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் ஊரைப் பிடித்து 1749இல் திருப்பிக் கொடுத்தார்கள். கோட்டைச் சுவருக்குப் பக்கத்தில் வீடுகள் இருந்தால் எதிரி மறைந்து வருவான் என்ற பயம் அதன் பிறகு வந்தது. கறுப்பர் நகரம் தரைமட்டமானது. குண்டு பாய வெட்டவெளி விடப்பட்டது. மக்கள் முத்தியால்பேட்டை, பெத்தநாயக்கன்பேட்டைப் பக்கம் நகர்ந்தார்கள். அந்தப் பகுதிதான் பிற்பாடு ஜார்ஜ் டவுன் ஆனது. இந்த வரம்பைத் தாண்டி யாரும் கட்டக் கூடாது என்று 1773இல் நட்ட எல்லைத் தூண்களில் ஒன்று பாரி முனையில் டேர் ஹவுஸ் ஓரமாக இன்றும் நிற்கிறது. பஸ்ஸுக்கு ஓடுகிறவர்கள் யாரும் அதைக் கவனிப்பதில்லை. ஊரின் முதல் 'கட்டடம் கட்டத் தடை செய்யப்பட்ட பகுதி' அது. பீரங்கியின் காலம் போனதும் அந்த வெட்டவெளியில்தான் 1892இல் உயர் நீதிமன்றக் கட்டடம் திறக்கப்பட்டது.

இன்றைய பொருளில் நகரத் திட்டமிடல் என்று பேச ஆரம்பித்தது முதல் உலகப் போர்க் காலத்தில். ஸ்காட்லாந்துக்காரரான பேட்ரிக் கெடிஸ் தன்னுடைய நகரத் திட்டக் கண்காட்சியைக் கப்பலில் சென்னைக்கு அனுப்பினார். 1914 செப்டம்பரில் சென்னை மீது குண்டு போட்ட அதே ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன்தான் அடுத்த சில வாரங்களில் அந்தக் கப்பலையும் மூழ்கடித்தது. கெடிஸ் சளைக்கவில்லை. நண்பர்களிடம் புதிதாகப் படங்களையும் வரைபடங்களையும் திரட்டி, 1915 ஜனவரியில் இங்கே கண்காட்சியை நடத்திவிட்டார். பழைய ஊரை இடித்துத் தள்ளிவிட்டு நேர்கோட்டில் சாலை போடும் பொறியாளர்களை அவருக்குப் பிடிக்காது. தேவையான இடத்தில் மட்டும் கொஞ்சமாகக் கத்தி வைத்து, மற்றதை அப்படியே காப்பாற்ற வேண்டும் என்பார். கொசுவைக் காரணம் காட்டிக் குளங்களைத் தூர்க்காதீர்கள், மீனும் வாத்தும் விட்டாலே போதும் என்பது இந்திய ஊர்களைப் பற்றிய அவருடைய அறிக்கைகளில் வரும் வாதம். அவரைத் தொடர்ந்து லாஞ்செஸ்டர் என்ற கட்டடக் கலைஞர் சென்னை மாகாண நகரங்களைப் பற்றி 1918இல் ஒரு நூலே எழுதினார். 1920இல் சென்னை நகரத் திட்டமிடல் சட்டம் வந்தது. சட்டம் வந்த கையோடு செய்த பெரிய காரியம், ஒரு ஏரியை வற்றவைத்தது.

தியாகராய நகரைத்தான் சொல்கிறேன். நுங்கம்பாக்கம் தொடங்கி மாம்பலம், மயிலாப்பூர் எல்லை வரை வளைந்து கிடந்த நீண்ட ஏரி ஒன்று இருந்தது. பழைய வரைபடங்களில் ஊருக்கு மேற்கு எல்லையே அதுதான். 1923 வாக்கில் அதன் மாம்பலம் பகுதியில் தண்ணீரை வெளியேற்றி வீட்டுமனைத் திட்டம் போட்டார்கள். காகிதத்தில் பார்த்தால் அழகான வேலை, மறுக்கவே முடியாது. நடுவில் பனகல் பூங்கா, அதிலிருந்து விரியும் அகலமான சாலைகள், குறுக்குத் தெருக்கள், நடேசன் பூங்கா, தோட்டத்தோடு கூடிய வீடுகளுக்கான பெரிய மனைகள். ஆட்சியில் இருந்தது நீதிக்கட்சி. அதனால் தெருப் பெயர்களை வாசித்தாலே அந்தக் கட்சியின் உறுப்பினர் பட்டியல் போல இருக்கும்: தியாகராயர், பனகல் அரசர், நடேசனார், உஸ்மான், சௌந்தரபாண்டியனார். 1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கியதும் மாம்பலம் நிலையம் இந்தக் குடியிருப்புக்கு வாசல் ஆயிற்று.

குடியிருப்பு என்று நினைத்துப் போட்ட இடம் நாட்டிலேயே நெரிசலான கடைவீதிகளில் ஒன்றானதை எந்தத் திட்டமும் எதிர்பார்க்கவில்லை. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஊர் என்றால் அப்படித்தான் இருக்கும். ஏரிக்கு என்ன ஆயிற்று என்பதுதான் என் கேள்வி. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது, பார்க்க ஏரி இல்லை. நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடு இருக்கிறது, கரையும் இல்லை, குளமும் இல்லை. அங்கேயே லேக் ஏரியா என்று தெருக்கள் இருக்கின்றன. எழுபதுகளில் கட்டிய வள்ளுவர் கோட்டமும் ஏரி நிலத்தில் நிற்பதுதான். உபரி நீர் ஓடிய வழியில் மிஞ்சியிருப்பது மாம்பலம் கால்வாய். நுங்கம்பாக்கத்திலிருந்து தியாகராய நகர், நந்தனம் வழியாக அடையாற்றுக்குப் போகிறது. பல இடங்களில் அதன் மேலே தளம் போட்டிருப்பதால் கீழே கால்வாய் இருப்பதே தெரியாது. 2021 நவம்பர் மழையில் தியாகராய நகர் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றபோது, "இவ்வளவு நல்ல ஏரியாவில் தண்ணீரா?" என்று தொலைக்காட்சியில் ஒருவர் அங்கலாய்த்தார். ஏரியா என்று அவர் சொன்னதை மட்டும் இன்னொரு முறை கேட்டுக்கொண்டேன்.

சுதந்திரத்துக்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் முறை மாறவில்லை. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் நகர மேம்பாட்டு டிரஸ்ட் (சிட்டி இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட்) வந்தது. சி.ஐ.டி. நகர் அதன் பெயரைத்தான் சுமக்கிறது. 1961இல் வீட்டு வசதி வாரியம் வந்தது. அசோக் நகர், கே.கே. நகர், அண்ணா நகர் எல்லாம் அந்தக் காலத்து வேலை. 1968இல் வர்த்தகக் கண்காட்சி நடந்த இடத்தை ஒட்டி வளர்ந்த அண்ணா நகரில் அவென்யூவுக்கு எண், பிளாக்குக்கு எழுத்து. சண்டிகர் வேண்டும் என்று கேட்டீர்களே, அதற்கு ஓரளவு நெருக்கமாக இங்கே இருப்பது அதுதான். தொண்ணூறுகள் வரை வாரியமே ஏரிகளில் மனை போட்டது. ஒளிவுமறைவும் இல்லை. முகப்பேரில் 'ஏரித் திட்டம்' என்றே ஒரு பகுதிக்குப் பெயர்.

நல்ல திட்டம் எதுவுமே இல்லையா என்று கேட்டால், எனக்குப் பிடித்த ஒன்று உண்டு. 1970இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கியபோது, குடிசை இருந்த இடத்திலேயே மூன்று நான்கு மாடிக் குடியிருப்புகள் கட்டுவதாகத்தான் ஏற்பாடு. எண்ணிக்கைக்கு ஈடு கொடுக்க முடியவில்லை. 1977இல் உலக வங்கிக் கடனோடு வேறு வழி தொடங்கியது: வீடு கட்டித் தராதே, மனையும் சாலையும் குடிநீரும் கழிவுநீர் இணைப்பும் கொடு, வீட்டை அவர்களே கட்டிக்கொள்ளட்டும். அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூரில் முதலில் வந்தது. சிறிய மனை ஏறக்குறைய 40 சதுர மீட்டர், அதாவது ஒரு கிரவுண்டில் ஐந்தில் ஒரு பங்குதான் வரும். பெரிய மனைகளைச் சந்தை விலைக்கு விற்று, அந்தப் பணத்தில் சின்ன மனைகளின் விலையைக் குறைத்தார்கள். ஒரே லேஅவுட்டில் தினக்கூலிக்காரரும் அரசு ஊழியரும் அடுத்தடுத்த தெருவில் இருந்தார்கள்.

அந்தப் பகுதிகளில் கூடுதல் மாடிக்கு வரைபடம் போட எனக்கு இன்றும் வேலை வருகிறது. ஒரு வீட்டின் வரலாறு அதன் சுவரிலேயே தெரியும். முதலில் கழிப்பறையும் ஒரு அறையும், அதற்கு மேல் ஆஸ்பெஸ்டாஸ். மகள் திருமணத்துக்கு முன்பு காங்கிரீட் தளம். பிறகு வெளியே படிக்கட்டு வைத்து மாடி, மாடியில் வாடகைக்குக் குடித்தனம். கட்டடத்தைச் சுற்றி விட வேண்டிய காலி இடத்துக்கான செட்பேக் விதியில் எதுவும் தேறாது, அது உண்மைதான். ஆனால் சாலை நேராக இருக்கிறது, கழிவுநீர்க் குழாய் இருக்கிறது, பத்திரம் அவர்கள் பெயரில் இருக்கிறது. ஏழைகளுக்காகச் சென்னை செய்த திட்டமிடலில் இதைவிட உருப்படியான ஒன்றை நான் பார்த்ததில்லை. அதைத் தொடராமல் விட்டுவிட்டு, 2000க்குப் பிறகு கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று ஊருக்கு வெளியே அடுக்கினார்கள். ஆற்றங்கரையில் இருந்தால் வெள்ளம் வரும் என்று சொல்லித்தான் பலரைக் கூட்டிப் போனார்கள். செம்மஞ்சேரியில் மழைக்காலத்தில் என்ன நடக்கிறது என்பதைச் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள்.

எழுபதுகளில்தான் பெருநகர வளர்ச்சிக் குழுமம் அமைந்தது, முதல் முழுமைத் திட்டமும் வந்தது. குழுமத்தைத் திட்டுவது எங்கள் தொழிலில் காலைக் காப்பி போல. ஆனாலும் அந்த முதல் திட்டத்தை வாசித்தால் மரியாதை வருகிறது. ஊரை ரயில், சாலைத் தடங்களை ஒட்டி வளரவிட்டு, மறைமலை நகர் போன்ற துணை நகரங்களுக்கு நெரிசலைத் தள்ள வேண்டும் என்றது. சந்தையைக் கொத்தவால் சாவடியிலிருந்து கோயம்பேட்டுக்கு மாற்றும் காரியம் 1996இல் நிறைவேறியது. செங்குன்றம் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதியிலும், திருவான்மியூருக்குத் தெற்கே கடலோர மணற்பரப்பிலும் கட்டடம் பெருகக் கூடாது என்று தனிக் கட்டுப்பாடு வந்தது. அந்த மணல்தான் நிலத்தடி நீரைத் தாங்குகிறது. ஆக, தண்ணீரைப் பற்றி யோசிக்கத் தெரியாதவர்கள் என்று சொல்லிவிட முடியாது.

ஆனால் அதே காலத்து அரசுதான் பக்கிங்ஹாம் கால்வாய்க்குள் தூண் இறக்கிப் பறக்கும் ரயில் விட்டது. நிலம் எடுக்க வேண்டாம், இழப்பீடு வேண்டாம், வழக்கு வராது. தண்ணீருக்கு வக்கீல் வைக்கத் தெரியாதல்லவா? 1995இல் கடற்கரை–சேப்பாக்கம், 2007இல் வேளச்சேரி வரை. அந்தப் பாதை தெற்கே போய்ச் சேரும் இடம் பள்ளிக்கரணைக் கழுவெளியின், அதாவது சதுப்பு நிலத்தின் விளிம்பு. அந்தக் கழுவெளியில் குப்பை மேடு வந்தது, அரசு நிறுவனங்கள் வந்தன, சாலை வந்தது. மிஞ்சியதில் ஒரு பகுதி 2007இல் காப்புக்காடானது. 2022இல் 1,247 ஹெக்டேர், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது.

விதி மீறலைப் பற்றியும் சொல்ல வேண்டும், அதையும் கேட்பீர்கள். 1999 பிப்ரவரிக்கு முன் கட்டிய விதிமீறல் கட்டடங்களைப் பணம் வாங்கிக்கொண்டு வரன்முறைப்படுத்தும் பிரிவைச் சட்டத்தில் சேர்த்தார்கள். ஒரே ஒரு முறைக்கான ஏற்பாடு என்ற அளவில் 2000இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அதற்குப் பிறகும் புதிய பிரிவு வந்தது, 2017இல் மனைகளுக்கும் வரன்முறைத் திட்டம் வந்தது. என்னிடம் வருகிறவர்களில் சிலர் வரைபடத்தைப் பார்க்கும் முன்பே, "சார், அடுத்த ஸ்கீம் எப்போது?" என்று கேட்கிறார்கள். அவர்களை நான் எப்படித் திட்டுவது?

ஒரு வேலையை மட்டும் சொல்கிறேன். மேற்குப் புறநகரில் ஒரு மனை. லேஅவுட்டுக்கு முறையான அப்ரூவல் உண்டு, பட்டா உண்டு, வங்கி கடன் கொடுக்கத் தயார். மூலப்பத்திரத்தின் செக்குபந்தியில், அதாவது நான்கெல்லை விவரத்தில், கிழக்கெல்லை 'வரத்துக் கால்வாய்' என்று இருந்தது; ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் கால்வாய் அது. அடுத்த பத்திரத்தில் அது 'வாய்க்கால்'. அதற்கடுத்ததில் 'பாதை'. இப்போது இருபதடி சிமென்ட் சாலை. மூன்று பத்திரப் பதிவில் ஒரு கால்வாய் காணாமல் போயிருக்கிறது. இதில் திருட்டு எதுவும் நடக்கவில்லை. ஒவ்வொரு கையெழுத்தும் சட்டப்படி போட்டதுதான். வாங்கியவரிடம் அடித்தளத்தைச் சாலை மட்டத்திலிருந்து நான்கடி உயர்த்தச் சொன்னேன். உயர்த்தினார். தண்ணீர் பக்கத்து வீட்டுக்குப் போகும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

சண்டிகரைப் பற்றிக் கேட்டீர்கள். அது ஒரு மாநிலத் தலைநகருக்காக, கிராமங்களை அப்புறப்படுத்திவிட்டுப் புதிதாக எழுப்பிய ஊர். சென்னை அப்படித் தொடங்கவில்லை. மயிலாப்பூரும் திருவல்லிக்கேணியும் திருவொற்றியூரும் கோட்டைக்கு முன்பே இருந்தவை. அவற்றுக்கு நடுவே வயலும் ஏரியும் தோப்பும் கிடந்தன. அந்த இடைவெளிகளை நிரப்பியதுதான் இந்த நகரத்தின் திட்டமிடல் வரலாறு முழுக்க. வெறும் தரையில் கட்டம் போட்டவர்களின் முறை ஏரிகளுக்கு நடுவே வளர்ந்த ஊருக்கு எதற்கு?

2008இல் வந்த இரண்டாவது முழுமைத் திட்டம் 2026 வரைக்கும். அதன் எல்லை 1,189 சதுர கிலோமீட்டர். பெருநகரப் பரப்பை 5,904 சதுர கிலோமீட்டராக விரித்து 2022இல் அரசாணை வந்திருக்கிறது. செங்கல்பட்டும் காஞ்சிபுரமும் திருவள்ளூரும், அங்கே இன்னும் உயிரோடு இருக்கும் ஏரிகளும் மதகுகளும் உபரி நீர் வழியும் கலங்கல்களும் இதற்குள் வருகின்றன. மூன்றாவது முழுமைத் திட்டம் தயாராகிவருகிறது. அதன் வரைவு வெளியானதும் மெட்ரோ எங்கே போகிறது, எங்கே எத்தனை மாடிக்கு அனுமதி என்று எல்லோரும் தேடுவார்கள். நான் பின்னிணைப்புகளைத்தான் முதலில் திறப்பேன். ஏரிகளின் பெயரோடு நிறுத்திவிட்டார்களா, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தண்ணீர் போகும் கால்வாய்களின் சர்வே எண்களையும் கொடுத்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். எண் இருந்தால் எங்களைப் போன்றவர்களுக்கும் சார்பதிவாளருக்கும் மறைக்க வழியில்லை. ஆட்சேபம் தெரிவிக்கக் கால அவகாசம் கொடுப்பார்கள். உங்கள் பகுதிக் கால்வாய் அதில் இல்லை என்றால் எழுத்தில் மனுக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.