பின்னால் வருகிற கார் – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

சிரிப்புப் படங்கள் பற்றிய கட்டுரையில் ‘டாலடேகா நைட்ஸ்’ படத்தை ரொம்பவே பாராட்டி எழுதியிருந்தீர்கள். போன வாரம் பார்த்தேன், எனக்கு ஒட்டவில்லை. அமெரிக்கத் தென்மாநிலத்து மக்களை மூளையில்லாதவர்களாகக் காட்டி, பெருநகரத்துக்காரர்கள் சிரிப்பதற்காக எடுத்த படம் போலத்தான் இருந்தது. காட்சிக்குக் காட்சி விளம்பரம் வேறு. அந்தக் கார்ப் பந்தயமே ஒரே வட்டத்தைச் சுற்றிச் சுற்றி வருவதுதானே, அதில் என்ன இருக்கிறது? கடைசியில் இரண்டு பேரும் காரை விட்டு இறங்கி ஓடுவதெல்லாம் ரொம்ப ஓவர். நீங்கள் இதில் எதைக் கண்டீர்கள்? கல்லூரியில் படிக்கும் மகனும் ஆறாம் வகுப்பு மகளும் தாங்களும் பார்க்க வேண்டும் என்கிறார்கள். காட்டலாமா?

ஒரு வாசகர், மதுரை

அன்புள்ள நண்பருக்கு,

வட்டத்திலிருந்தே தொடங்குகிறேன். அந்த வட்டத்தில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால்தான் இந்தப் படத்தின் சிரிப்பு எங்கே இருக்கிறது என்பது பிடிபடும்.

டாலடேகா ஓடுதளம் அலபாமா மாநிலத்தில் இருக்கிறது. 1969இல் திறந்தார்கள். ஒரு சுற்று 2.66 மைல். வளைவுகளில் பாதை 33 டிகிரி சாய்ந்திருக்கும். 1987இல் பில் எலியட் என்பவர் அங்கே தகுதிச் சுற்றில் மணிக்கு 212 மைலைத் தாண்டி ஓட்டினார். அந்தப் பந்தயத்திலேயே பாபி ஆலிசனின் டயர் வெடித்து, கார் எழும்பிப் போய்ப் பார்வையாளர் பக்கத்து வேலியைக் கிழித்தது. பலருக்குக் காயம். வேகத்தைக் கட்டுப்படுத்தியே ஆகவேண்டும் என்று ஆகிவிட்டது. 1988இலிருந்து எஞ்சினுக்குப் போகும் காற்றைக் குறைக்கிற துளைத்தகடு ஒன்றைக் கட்டாயமாக்கினார்கள். அதன்பிறகு எல்லாக் கார்களுக்கும் ஏறக்குறைய ஒரே பலம். ஒருவர் தனியாகப் பிய்த்துக்கொண்டு போக வழியில்லை. முப்பது நாற்பது கார்கள் ஒன்றின் பின்பக்கத்தில் இன்னொன்று முட்டுகிற இடைவெளியில் ஒரே கொத்தாக ஓடும்.

அப்படியானால் யார் முந்துவது? இங்கேதான் அவர்கள் ‘டிராஃப்டிங்’ என்று சொல்கிற விஷயம் வருகிறது. எதிர்க்காற்றில் லாரிக்குப் பின்னால் ஒதுங்கி சைக்கிள் மிதித்தவர்களுக்கு இதில் பாதி தெரியும்: முன்னால் போகிறவன் காற்றைக் கிழித்துக் கொடுக்க, பின்னால் வருகிறவனுக்கு உழைப்பு குறைகிறது. மீதிப் பாதிதான் ஆச்சரியம். பின்னால் ஒருவன் ஒட்டிக்கொண்டு வந்தால் முன்னால் போகிறவனுக்கும் வேகம் கூடுகிறது. அவனைப் பின்னோக்கி இழுக்கிற காற்றுச் சுழலை வருகிறவன் குறைத்துவிடுகிறான். இரண்டு கார்கள் சேர்ந்து போனால் தனியாகப் போகிற எந்தக் காரையும் விட வேகமாகப் போகும். புளோரிடாவில் நடக்கும் புகழ்பெற்ற டேடோனா 500 பந்தயத்துக்கு 1960இல் ஜூனியர் ஜான்சன் என்ற வீரர் கொண்டுவந்த கார் மற்றவர்களுடையதைவிட மெதுவானது. வேகமான போன்டியாக் கார் ஒன்றின் பின்னால் ஒட்டிப் போனால் ஈடுகொடுக்க முடிகிறது என்று பயிற்சியின்போது கண்டுகொண்டு, அந்த வித்தையை வைத்தே பந்தயத்தை ஜெயித்தார். ஒருகாலத்தில் குடும்பத்தோடு கள்ளச்சாராயம் கடத்தியவர் அவர். ராத்திரியில் போலீஸுக்குத் தப்பிக் கார் ஓட்டிப் பழகிய கை.

இப்போது படத்துக்கு வருவோம். கதாநாயகன் ரிக்கி பாபி சின்னப் பையனாக இருக்கும்போது, ஓடிப்போன அப்பா ஒருநாள் பள்ளிக்கூடத்தில் வந்து நிற்கிறார். முதலில் வராதவன் கடைசியில் வந்தவனுக்குச் சமம் என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். பையன் அதை வேதவாக்காகப் பிடித்துக்கொள்கிறான். வளர்ந்து பெரிய வீரனான பிறகும் அவன் ஜெயிப்பது எப்படி? சின்ன வயதிலிருந்தே கூட இருக்கும் நண்பன் நாட்டன் காற்றை உடைத்துக் கொடுக்க, இவன் அந்த மறைவிலிருந்து காரை வெளியே எடுத்து முந்திப் போகிறான். ஒருமுறை நான் ஜெயிக்கட்டுமா என்று நாட்டன் தயங்கித் தயங்கிக் கேட்கிறான். அப்புறம் நான் எப்படி ஜெயிப்பது என்கிறான் ரிக்கி. நாட்டனும் அதைச் சரி என்று ஒத்துக்கொள்கிறான்! நாட்டனாக நடித்த ஜான் சி. ரெய்லியின் முகத்தை அந்த இடத்தில் மறுபடி பாருங்கள். துளிப் பொறாமை இல்லை, இவ்வளவு நாள் இது நமக்குத் தோன்றவில்லையே என்கிற வெள்ளந்தியான திருப்தி மட்டும்தான் இருக்கிறது. என்னைப் பொறுத்தவரை மொத்தப் படமும் அந்த முகத்தில் இருக்கிறது. இரண்டு பேர் இல்லாமல் ஜெயிக்கவே முடியாத விளையாட்டில், முதல் ஆள் மட்டும்தான் மனிதன் என்று நம்பிக்கொண்டு ஒருவன் வாழ்கிறான். அவனுடைய கர்வம், அவனுடைய வீழ்ச்சி, தீயே இல்லாமல் உடம்பு எரிகிறது என்று ஜட்டியோடு ஓடுகிற அந்தக் கூத்து எல்லாம் இந்த முரணிலிருந்து பிறப்பவை. பிற்பாதியில் அதே அப்பாவிடம் போய் அந்த வாக்கியத்தை நினைவுபடுத்தும்போது, அன்றைக்கு நான் போதையில் இருந்தேன், அதற்கு அர்த்தமே கிடையாது, இரண்டாவதாக வரலாம், மூன்றாவதாக வரலாம், ஐந்தாவதாகக்கூட வரலாம் என்கிறார். ஒரு வாழ்க்கையையே அந்த ஒற்றை வரியின் மேல் கட்டியவனிடம் இதைச் சொல்கிறார். நான் அந்த இடத்தில் சிரித்தேன், கூடவே நெஞ்சும் கனத்தது.

மக்களை இழிவுபடுத்துகிறார்கள் என்பதை நான் ஏற்கவில்லை. இந்தக் கார்ப் பந்தயங்களை நடத்தும் நாஸ்கார் அமைப்பின் ஒத்துழைப்போடு எடுத்த படம் இது. நிஜப் பந்தய வீரர் டேல் எர்ன்ஹார்ட் ஜூனியர் ஒரு காட்சியில் வருகிறார். வர்ணனைப் பெட்டியில் இருப்பவர்கள் நிஜ வர்ணனையாளர்கள். 2012இல் கர்ட் புஷ் என்ற வீரர் நிஜ டாலடேகா பந்தயத்திலேயே, ‘மீ’ (நான்) என்று எழுதிய ரிக்கியின் காருக்கு உள்ள அதே வண்ணத்தைத் தன் காருக்குப் பூசி ஓட்டினார். ரேடியோவில் அணியினரோடு படத்து வசனங்களையே பேசிக்கொண்டார். கேலிக்கு ஆளானவர்கள் இப்படியா கொண்டாடுவார்கள்?

விளம்பரமும் அப்படித்தான். அந்த விளையாட்டே விளம்பரதாரர் பணத்தில் ஓடுவது. படம் அதை ஒளிக்காமல் எடுத்து மேசைமேல் வைக்கிறது. ரிக்கியின் காரில் முன்கண்ணாடியை மறைக்கிற அளவுக்கு ஒரு பிஸ்கட் கம்பெனி ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், எதிரே பாதை தெரியாது. ஆபத்துதான், ஆனால் இந்த பிஸ்கட் எனக்குப் பிடிக்கும் என்று சொல்லிக்கொண்டே ஓட்டுவான். சாப்பாட்டு ஜெபத்தில் குழந்தை இயேசுவிடம் பவரேட் பானத்தின் பெயரைச் சொல்லவேண்டும் என்று ஒப்பந்தம். ஜெபம்வரை விலைக்குப் போய்விட்டது என்பதை இதைவிடத் துல்லியமாகச் சொல்ல முடியுமா?

பிரெஞ்சுக்காரர்களை வைத்து அடிக்கிற நகைச்சுவை பல இடங்களில் மலிவு, காலில் கத்தி குத்துகிற காட்சியும் தேவைக்கு மேல் நீள்கிறது. அதில் உங்களோடு நிற்கிறேன்.

முடிவுக்கு வருகிறேன். முன்னணியில் இருக்கும் ரிக்கியும் அவனுடைய பிரெஞ்சுப் போட்டியாளனும் மோதிக்கொண்டு, இறங்கி ஓடி, தகுதி இழக்க, பின்னால் வந்த நாட்டன் ஜெயிக்கிறான். ஓவர் என்கிறீர்கள். 1979 பிப்ரவரி 18, டேடோனா 500. அமெரிக்கா முழுக்க முதல்முறையாகத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை நேரடி ஒளிபரப்பு. கிழக்குப் பகுதியில் கடும் பனி, ஜனம் வீட்டிலேயே கிடந்து டிவி பார்த்தது. கடைசிச் சுற்றில் முதலிடத்தில் டானி ஆலிசன், அவரை முட்டிக்கொண்டு கேல் யார்பரோ. இரண்டு பேரும் இடித்துக்கொண்டு சுவரில் மோதிப் புல்தரையில் சரிந்தார்கள். அரைச் சுற்று பின்னால் வந்துகொண்டிருந்த ரிச்சர்ட் பெட்டி ஜெயித்துவிட்டார். புல்தரையில் கைகலப்பு. டானியின் அண்ணன் பாபியும் காரை நிறுத்திவிட்டு வந்து சேர்ந்துகொண்டார். தேசத்துக்கு அந்த விளையாட்டு அறிமுகமானது இந்தக் காட்சியோடுதான். இதை மனதில் வைத்துத்தான் படத்தை முடித்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அன்று ரிச்சர்ட் பெட்டிக்குப் பின்னால் இரண்டாவதாக வந்த டாரல் வால்ட்ரிப் இந்தப் படத்தில் வர்ணனையாளராக வருகிறார்.

2001இல் அதே டேடோனாவில், அதே பிப்ரவரி 18இல் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். தோல்வியை ஜீரணிக்கவே முடியாதவர் என்று பெயரெடுத்த டேல் எர்ன்ஹார்ட் கடைசிச் சுற்றில் மூன்றாவதாக ஓடிக்கொண்டிருந்தார். முன்னால் போனவை அவருக்குச் சொந்தமான அணியின் இரண்டு கார்கள். ஒன்றில் மைக்கேல் வால்ட்ரிப், இன்னொன்றில் எர்ன்ஹார்ட்டின் மகன். பின்னால் வந்த கூட்டத்தை அவர்களிடம் நெருங்கவிடாமல் மறித்து ஓட்டியபடியே கடைசி வளைவில் சுவரில் மோதி இறந்துபோனார். 462 பந்தயங்களில் ஒன்றைக்கூட ஜெயிக்காத மைக்கேல் அன்று ஜெயித்தார். வர்ணனைப் பெட்டியில் அழுதபடி தம்பியை ஊக்கப்படுத்திக்கொண்டிருந்தவர் இதே டாரல். அடுத்த ஐந்தே ஆண்டுகளில் வந்த படம் இது. பின்னால் வருகிறவனைப் பற்றிச் சிரிக்கவைத்த இயக்குநர் ஆடம் மெக்கே மீது எனக்கு மரியாதை வருவது இதனால்தான்.

சரி, பிள்ளைகள் விஷயம். மகனோடு தாராளமாகப் பாருங்கள், பேச்சு கொச்சையாக இருக்கும், அவ்வளவுதான். மகளுக்கு இது வேண்டாம். அதே 2006 கோடையில் வந்த ‘கார்ஸ்’ அனிமேஷன் படத்தைப் போட்டுக் காட்டுங்கள். அதிலும் ஜெயிக்கப்போகிற கார் கோட்டுக்கு முன்னாலேயே நின்று, திரும்பிப்போய், மோதிக் கிடக்கும் பழைய சாம்பியனைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வந்து பந்தயத்தை முடிக்கவைக்கும். அந்தச் சாம்பியனுக்குக் குரல் கொடுத்திருப்பவர் ரிச்சர்ட் பெட்டி.

அன்புடன்